ஜூன் விடுமுறைக்கு நாடகமா, ஓவியமா, படகுப் பயணமா?

சிங்கப்பூரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. நிலநடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிற ஊர். ஜனவரியிலும் வெயில், ஜூலையிலும் வெயில், நடுவில் மழை. ஆனாலும் மே கடைசியில் பள்ளி மூடி, பிள்ளைகள் நான்கு வாரம் வீட்டில் இருக்கும்போது 'கோடை விடுமுறை' என்றுதான் நம் வாயில் வருகிறது. தமிழ்நாட்டில் பள்ளி திறக்கிற நேரத்தில் இங்கே விடுமுறை தொடங்குவதால் அங்கிருந்து பிள்ளைகள் வருவது கடினம். தாத்தா பாட்டிதான் வருவார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். போன ஆண்டு வந்ததுபோல் இந்த ஜூனிலும் மாமியார் கும்பகோணத்திலிருந்து வருகிறார். மகள் தொடக்கநிலை ஐந்து, மகன் தொடக்கநிலை ஒன்று. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஆக, நான்கு வார விடுமுறை என்பது எங்களுக்கு நான்கு சனிக்கிழமை, அவ்வளவுதான். அந்த நான்கு நாளில் என்ன செய்வது? நாடகம் பார்ப்பதா, அரும்பொருளகம், கலைக்கூடம் என்று போவதா, வெளியே காற்றாடச் சுற்றுவதா? இதே கேள்வியோடு பல வீடுகள் இருக்கும் என்பதால், போன ஆண்டு பட்டதை வைத்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாடகத்துக்கு முதலில் டிக்கெட் வாங்குங்கள். மற்ற இரண்டையும் அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம். ஓவியம் சுவரில் இருக்கும். படகு நாளைக்கும் ஓடும். தமிழ் நாடகம் ஒரு வார இறுதி மட்டுமே மேடையில் இருக்கும். வியாழனோ வெள்ளியோ தொடங்கி, ஞாயிறு மாலையோடு முடிந்துவிடும். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த ஒரு குழு நாலைந்து காட்சிகளோடு அரங்கைக் காலி செய்துவிடும். 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

இங்கே தமிழ் நாடகத்துக்கு நீண்ட கதை இருக்கிறது. எஸ். வரதன் நாடகத்துக்காக நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கம் பெற்றது 1984இல். ரவீந்திரன் நாடகக் குழு 1988இல் தொடங்கியது. இளங்கோவனின் அக்கினிக் கூத்துக் குழு 1991இல். அவாண்ட் நாடகக் குழு 2011இல். இன்னும் சில குழுக்கள் இருக்கின்றன. இவற்றில் நடிப்பவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் ஒத்திகைக்கு வருகிறவர்கள். அந்த உழைப்பு மேடையில் தெரியும். எஸ்பிளனேட் கலை மையத்தின் சிறிய அரங்கில் சுமார் 220 பேர்தான் உட்காரலாம். நடிகர் மூச்சு வாங்குவது மூன்றாவது வரிசையில் கேட்கும். தேசிய நூலகக் கட்டடத்தில் இருக்கும் டிராமா சென்டர் பெரியது, 600 பேருக்கு மேல் கொள்ளும். என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்குச் சிறிய அரங்கே நல்லது. மேடை தூரத்தில் இருந்தால் அவர்களுக்கு அது பெரிய தொலைக்காட்சி மாதிரி ஆகிவிடுகிறது.

நாடகத்தை முதலில் வைப்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 விழுக்காடு. என் வீடும் அந்தச் சரிவுக்குள்தான் இருக்கிறது. மகளுக்குத் தமிழில் நல்ல மதிப்பெண் வருகிறது, கட்டுரை எழுதுகிறாள், வாய்மொழித் தேர்வில் படத்தைப் பார்த்து விவரிக்கிறாள். ஆனால் தம்பியிடம் சண்டை போடுவது ஆங்கிலத்தில். அவளுக்குத் தமிழ் என்பது ஒரு பாடம்.

போன ஜூனில் அத்தையோடு, அதாவது மாமியாரோடு, ஒரு தமிழ் நாடகத்துக்குப் போனோம். மேடையில் ஒருவர் தன் அண்ணனிடம் பணத்தைப் பற்றிப் பொய் சொல்கிறார். அண்ணன் தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறார். அண்ணி சமையலறையிலிருந்து ஒரே ஒரு சொல்லை வீசிவிட்டுப் போகிறார். அரங்கம் முழுக்கச் சிரிக்கிறது. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். தமிழில் ஒருவர் பொய் சொல்வதையும் குத்திக் காட்டுவதையும் சமாதானம் பண்ணுவதையும் அவள் அதுவரை நேரில் கேட்டதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிட்டி ஹாலிலிருந்து ஈசூனுக்கு ரயிலில் வரும்போது பாட்டியிடம் கேட்டாள், "வீம்புன்னா என்ன பாட்டி?" அத்தை தன் சித்தப்பா ஒருவர் கல்யாண வீட்டில் சாப்பிடாமல் எழுந்துபோன கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பீஷான் தாண்டிவிட்டது. அந்தச் சொல்லை எந்தப் பயிற்சித்தாளும் அவளுக்கு இப்படிக் கொடுத்திருக்காது.

அதற்காக எந்த நாடகத்துக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்று சொல்லவில்லை. ஒருமுறை நான் வயது வரம்பைப் பார்க்காமல் டிக்கெட் வாங்கிவிட்டேன். இங்கே மேடை நிகழ்ச்சிகளுக்கும் வகைப்பாடு உண்டு. அனைவரும் பார்க்கத்தக்கது, பெற்றோர் அறிவுரை தேவை, 16 வயதும் அதற்கு மேலும் என்று போகும். நான் வாங்கியது கடைசியில் சொன்ன வகை. இருபதாவது நிமிடத்தில் மகனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன், பாதியில் திரும்ப உள்ளே போக முடியவில்லை. நாடகத்தின் மேல் தவறே இல்லை, டிக்கெட் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன் அந்த ஒரு வரியைப் பாருங்கள். அப்புறம் சனிக்கிழமை இரவு 8 மணிக் காட்சியை விட மதியக் காட்சியை எடுங்கள். இரவுக் காட்சி முடிந்து வீடு சேர 11 ஆகிவிடும், சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் தாங்க மாட்டார்கள். அரங்கில் குளிரூட்டி பலமாக இருக்கும், பாட்டிக்கு ஒரு சால்வை அவசியம். மேடைக்கு மேலே ஆங்கில வரிகள் ஓடினால் பிள்ளைகள் அதையே படித்துக்கொண்டிருப்பார்கள். முன்வரிசையில் உட்கார வைத்தால் அண்ணாந்து பார்க்கச் சோம்பல்பட்டு முகங்களைப் பார்ப்பார்கள். இது என் சொந்த உத்தி.

செலவு? கடந்த சில ஆண்டுகளில் நான் வாங்கிய தமிழ் நாடக டிக்கெட்டுகள் 25 வெள்ளியிலிருந்து 40 வெள்ளிக்குள் (இங்கே டாலரை வெள்ளி என்போம்). ஐந்து பேருக்கு 150 வெள்ளி சுலபமாக ஆகிவிடும். மூன்று வழிகளில் இதுதான் விலை கூடியது. ஆனால் 2025இல் 18 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் மூலம் 100 வெள்ளி கிடைத்திருக்கிறது. 2028 டிசம்பர் 31 வரை செல்லும். உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குத்தான் அது. வெளிநாட்டிலிருந்து வரும் பெரிய இசை நாடகத்துக்கோ விலங்கியல் தோட்டத்துக்கோ அல்ல. அதைத் தொடாமலே வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய இருக்கிறார்கள். தயவுசெய்து ஒரு தமிழ்க் குழுவின் நாடகத்துக்குச் செலவழியுங்கள். நானும் மனைவியும் எங்கள் இருவர் டிக்கெட்டை அதில்தான் எடுக்கப் போகிறோம். பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் கைக்காசு.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. ஜூனில் தமிழ் நாடகம் நிச்சயம் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா, நவம்பரில் எஸ்பிளனேட்டின் கலா உற்சவம் என்கிற இந்தியக் கலை விழா என்று தமிழ் நிகழ்ச்சிகள் அந்த மாதங்களில்தான் குவிகின்றன. அதனால் மே தொடக்கத்திலேயே தேடத் தொடங்குங்கள். தமிழில் ஒன்றும் அமையவில்லை என்றால் வேற்றுமொழி நாடகத்துக்குப் போவதில் தவறில்லை, பாட்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1988இல் குவோ பாவ் குன் பல மொழிகளில் ஒரு நாடகம் போட்டார். அதில் ஹொக்கியன் என்ற சீன வட்டாரமொழி பேசும் ஒரு தாய் காணாமல்போன பூனையைத் தேடி அலைகிறார். தமிழ் பேசும் ஒரு முதியவரும் தன் பூனையைத் தேடுகிறார். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. கையாலும் முகத்தாலும் பூனைக் குரலாலும் பேசிப் புரிந்துகொள்கிறார்கள். இந்த ஊர் நாடகத்தின் வேர்களில் ஒன்று அந்தக் காட்சி. அத்தையிடம் இதைச் சொன்னபோது, "கூத்துல பாதி நேரம் பாட்டு புரியாது, ஆனா விடிய விடிய உக்காந்திருப்போம்ல" என்றார். சரிதானே.

இனி அரும்பொருளகங்கள், கலைக்கூடங்கள். செலவு என்று பார்த்தால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இதை மிஞ்ச எதுவும் இல்லை. 2013 மே 18 முதல் தேசிய அரும்பொருளகங்களின் நிரந்தரக் கூடங்கள் நமக்கு இலவசம். 2015இல் திறந்த தேசியக் கலைக்கூடத்துக்கும் பொது அனுமதி அப்படியே. சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டும் தனிக் கட்டணம். ஆனால் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்குக் கட்டணம் உண்டு என்பதை நிறையப் பேர் வாசலில் போய்த்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதனால் பாட்டியோடு போவதற்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் டிக்கெட் எடுப்பது நல்லது.

நான் தேர்ந்தெடுப்பது ஆசிய நாகரிக அரும்பொருளகம், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் எம்பிரஸ் பிளேசில் இருப்பது. அங்கே சோழர் காலத்து வெண்கலத் திருமேனி முன்னால் அத்தை வெகுநேரம் நின்றார். நான் விளக்க அட்டையைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது உற்சவர். பல்லக்குல வச்சுக் கட்டத்தான் இந்த ஓட்டை" என்று மகளுக்குக் காட்டினார். கருவறைக்குள் இருக்கும் மூலவர் கல், வீதியில் வருகிற உற்சவர் உலோகம் என்பதும், கம்பு நுழைக்கவும் கயிறு கட்டவும் பீடத்தில் துளையும் வளையமும் இருக்கும் என்பதும் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலையில் இன்றைக்கும் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியே விட்டு, உலோகத்தை ஊற்றித்தான் செய்கிறார்கள். அதையும் சொன்னார். பக்கத்தில் நின்ற ஒரு சீன மாது மகளிடம், பாட்டி என்ன சொல்கிறார் என்று கேட்டார். மகள் ஆங்கிலத்தில் விளக்கினாள். அந்த நான்கைந்து நிமிடம் அவள்தான் மொழிபெயர்ப்பாளர், அத்தைதான் ஆசிரியர். அந்தக் கட்டணம் எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை.

தேசியக் கலைக்கூடம் வேறு மாதிரி. பழைய நகர மண்டபத்தையும் பழைய உச்ச நீதிமன்றத்தையும் இணைத்துக் கட்டியது. 1945 செப்டம்பர் 12இல் ஜப்பானியர் சரணடைந்தது இந்த நகர மண்டபத்தில்தான். மகனுக்கு ஓவியங்களை விடக் கைதிகளை நிறுத்தி வைத்த சிறிய அறைதான் பிடித்தது. சரி, பிடித்ததைப் பார்க்கட்டும். மகளுக்கு நான் காட்டிய ஓவியம் சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு'. ஒரு வட்ட மேசையைச் சுற்றி இளைஞர்கள் உட்கார்ந்து மலாய் கற்கிறார்கள். பின்னால் கரும்பலகையில் இரண்டு கேள்விகள். உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய். மொழி வகுப்பு என்றால் அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளை அதன் முன்னால் ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அறை அறையாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மூன்று ஓவியம் போதும், நான்காவதில் கால் வலிக்கிறது என்பார்கள். ஏழு வயதுக்குக் கீழே இருந்தால் ஓவியக் கூடங்களை விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கென்றே இருக்கும் கெப்பல் கலைக் கல்வி நிலையத்துக்கு நேராகப் போய்விடலாம். 2017 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சிறுவர்களுக்கான பெரிய கண்காட்சியும் அங்கே நடக்கிறது.

கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்தை, தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும்போதே பார்த்துவிடலாம். அதற்கென்று ஒரு சனிக்கிழமையைச் செலவழிக்க வேண்டியதில்லை. அங்கே இருக்கும் செட்டிநாட்டு மரக் கதவுநிலையை மட்டும் தவறவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான நுண்ணிய செதுக்கல்கள் அதில் இருக்கின்றன. மகனும் அவன் அக்காவும் யார் அதிக யானை கண்டுபிடிப்பது என்று போட்டி போட்டார்கள்.

கலைக்கூடத்தின் பெரிய வசதி, அது காத்திருக்கும் என்பதுதான். மழை வந்தால் போகலாம், புகைமூட்டம் வந்தால் போகலாம், யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் அடுத்த வாரம் போகலாம். அதனால்தான் அதற்கு நான் நாள் குறிப்பதில்லை.

வெளியே சுற்றுவதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் நேரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஜூனில் இங்கே சூரியன் காலை 7 மணி வாக்கில் உதிக்கிறது. 10 மணிக்கு மேல் பாட்டிகளுக்கு வெயில் ஆகாது. இந்த மாதங்களில் மலாக்கா நீரிணையைத் தாண்டி 'சுமத்ரா' என்கிற பலத்த காற்றும் மழையும் விடியற்காலையிலிருந்து முற்பகலுக்குள் வருவது வழக்கம். வந்தால் ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். காலையில் எழுந்ததும் கைப்பேசியில் மழை வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பூமலை என்று நம்மவர்கள் சொல்லும் தாவரவியல் பூங்காதான் மூத்தோருக்கு முதல் தேர்வு. 1859இல் தொடங்கியது, 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். இலவசம், பாதை சமமாக இருக்கும், உட்கார நிறைய இடம் உண்டு. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம். மாலை நேரமே அமையும் என்றால் கரையோரப் பூந்தோட்டங்கள். வெளித்தோட்டம் இலவசம், இரவு 7.45க்கும் 8.45க்கும் பெருமரங்களில் நடக்கும் ஒளி, இசை நிகழ்ச்சியும் இலவசம். குளிரூட்டிய கண்ணாடிக் கூடங்களுக்குத்தான் காசு.

பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று கேட்டால் புலாவ் உபின் தீவு. சாங்கி முனையிலிருந்து சின்ன மோட்டார் படகு, 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி. அங்கே இறங்கியதும் அத்தை சொன்னது, "இதுதான்டா ஊரு மாதிரி இருக்கு." தகரக் கூரை, கோழி, மண் வாசனை, வாடகை சைக்கிள். காட்டுப்பன்றி குட்டிகளோடு வரும், சாப்பாட்டுப் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். ஆனால் படகில் ஏறி இறங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். செக் ஜாவா ஈரநிலம்வரை போக வேண்டும் என்றால் பாட்டிக்கு வேன் பேச வேண்டியிருக்கும். மெக்ரிட்சி மரவுச்சி நடைபாலம் 250 மீட்டர்தான் என்றாலும் அதற்குப் போய்வர சுமார் 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதால் எங்கள் பட்டியலில் அது இல்லை.

ஆக, யாரோடு போகிறோம் என்பதை வைத்துத்தான் கணக்கு மாறுகிறது. ஆறு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் நாடகத்தை முதலில் வையுங்கள் என்று நான் சொன்னது பொருந்தாது. இருட்டில் இரண்டு மணி நேரம் உட்கார அவர்களால் முடியாது. எஸ்பிளனேட்டின் திறந்தவெளி மேடையில் வார இறுதி மாலைகளில் நடக்கும் இலவச நிகழ்ச்சிகளுக்குக் கூட்டிப்போய்ப் பழக்குங்கள், அழுதால் எழுந்து நடந்துவிடலாம். தொடக்கநிலை நான்கைத் தாண்டியிருந்தால் நாடகம்தான், தயங்கவே வேண்டாம். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் கடைத்தொகுதிகளை ஒரு நாள் குறைத்துக்கொண்டு சோழர் வெண்கலத்தைக் காட்டுங்கள். அவர்களுக்குத் தெரிந்ததை நமக்குச் சொல்ல ஓர் இடம் கிடைக்கும். கையில் காசு இறுக்கமாக இருக்கிற மாதம் என்றால் காலையில் பூமலை, மதியம் தேசியக் கலைக்கூடம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் போக்குவரத்தும் சாப்பாடும்தான் செலவு.

எங்கள் இந்த ஆண்டுத் திட்டம் இது. முதல் சனிக்கிழமை, அத்தை வந்த களைப்பு தீரட்டும் என்று காலையில் பூமலை மட்டும். இரண்டாவது, மதியக் காட்சி நாடகம், முடிந்ததும் எஸ்பிளனேட் கரையில் காற்று வாங்கிவிட்டு, மக்கான்சூத்ரா உணவங்காடியில் சாப்பாடு. மூன்றாவது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் ஆசிய நாகரிக அரும்பொருளகம். போன முறை தங்கக் கிண்ணமும் பீங்கானும் ஏற்றி வந்து இந்தோனேசியாவின் பெலித்தோங் தீவருகே மூழ்கிய ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கைப் பார்க்க நேரம் போதவில்லை. நான்காவது சனிக்கிழமைக்கு மகன் படகு கேட்கிறான். அத்தை தொலைபேசியில் இன்னொரு நாடகம் கேட்கிறார், எந்த மொழியானாலும் பரவாயில்லையாம். படகு ஜூலையிலும் ஓடும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.